மானிய ஐயாவைத் தேடி நாமக்கல் வரை

ஓர் அரசாங்க அதிகாரியைப் பிடிக்க வேண்டுமானால் அவருடைய ஜீப்பைத் துரத்திப் பயனில்லை. அவருக்கு மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில் என்று விசாரிக்க வேண்டும். இதை நான் அறுபதாம் வருஷத்து மார்ச் மாதம் நாமக்கல் வெயிலில் அலைந்து கற்றுக்கொண்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியும் மீன் இல்லாத சோற்றுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. சாயங்காலமானால் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய்விடுவேன். அங்கே, ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் பாண்டு வாத்தியப் பள்ளிக்கூடம். நான் அதன் காரியதரிசி. அருளப்பன் மாஸ்டர் வாத்தியார். பட்டாளத்து பாண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். தையல்காரர், மலைப்பாதையில் கல் போடுகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள், சேராதவர்கள் எல்லாரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தை உப்ப வைத்து ஊதிக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்டருக்குச் சம்பளம் என்று எதுவும் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் பாண்டுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈஸ்டர் வரை பார்க்கிறேன், அதற்கு மேல் என் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமே அம்மா என்று சொல்லிவிட்டார். அவர் போனால் கொட்டகையில் மிஞ்சுவது தகரம்தான். ஆகவே கலைப் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பம் போட்டேன். மானியம் கிடைத்தால் அது வாத்தியார் சம்பளம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து பள்ளி நடக்கிறதா என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

அந்த அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல், நான் அஸ்தம்பட்டிப் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வந்தார், போயும் விட்டார். சாயங்காலம் நான் போனபோது மாஸ்டர் கொட்டகை வாசலில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது ஊதிக் காட்டுங்கன்னார். தபசு காலத்துல ஊதறதில்லைன்னு சொன்னேன். சரின்னுட்டுப் போயிட்டார்."

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை தபசு காலம். கல்யாணம் இல்லை, பாண்டு இல்லை. கிளாரினெட், டிரம்பெட் எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார் மாஸ்டர். அந்த நாட்களில் பிள்ளைகள் மேஜையில் தாளம் தட்டுவார்கள், ஸ்வரக் குறிப்பு எழுதுவார்கள், ஊத மாட்டார்கள்.

"போகும்போது ஏதாவது சொன்னாரா?"

"டிரைவர்கிட்ட 'செயல்படவில்லை'ன்னு சொல்லிட்டே ஏறினார்."

எனக்கு வந்த கோபத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்திருக்கும். ஒரே ஒரு பாட்டு ஊதியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்குமா, மாஸ்டர்? பிள்ளைகள் முகத்தைப் பார்த்தீர்களா? பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அவர் ஸ்வரக் குறிப்புத் தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் திட்டு வாங்கிப் பழகினவர்களோடு சண்டை போடுவது பெரிய கஷ்டம். சுவரோடு போடலாம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நானே சாமியாரிடம் போனேன். தபசில் வாத்தியத்துக்கு உத்தரவு கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "சனிக்கிழமை சூசையப்பர் திருநாள். தபசுக்கு நடுவில் அந்த ஒருநாள் வாத்தியத்துக்குத் தடை இல்லை. அன்றைக்கு அந்த அதிகாரியை வரச் சொல்லுங்கள்" என்றார்.

வரச் சொல்ல வேண்டுமாம்! அவர் அதற்குள் நாமக்கல் போய்விட்டதாகக் கேள்வி. மாத முடிவுக்குள் சென்னைக்குப் போய் அறிக்கை கொடுத்துவிடுவார். சர்க்கார் வருஷம் மார்ச்சோடு முடிகிறது. பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் அரிசிப் பானையைக் காட்டினேன். சனிக்கிழமைக்குள் அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்து பஸ் ஏறினேன்.

பஸ் புதுச்சத்திரம் வரை நன்றாகத்தான் போயிற்று. அங்கே முன்பக்கத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் பிரயாணிகள் எல்லாரும் சேர்ந்து டிரைவருடைய பரம்பரையை விசாரிப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையாக இறங்கினார்கள், டீக்கடையில் குடம் வாங்கினார்கள், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு ஊற்றினார்கள். ஏதோ மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி.

"ஏனுங்கம்மணி, இது கொஞ்சம் ஆறோணும். நீங்க வந்து நெழல்ல உக்காருங்க" என்று டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

தபசில் எனக்கு ஒருவேளைச் சாப்பாடு. அன்றைய ஒருவேளை அந்த டீக்கடையில்தான். கம்மங்கூழ், கரைத்த மோர், உரித்த சின்ன வெங்காயம். முதல் வாய்க்கு மூக்கைச் சுளித்தேன். இரண்டாவது சொம்பு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தப் பக்கத்து வெயிலுக்கு இட்லி எல்லாம் காணாது என்பது புரிந்துவிட்டது.

நாமக்கல்லில் என்னிடம் படித்த ஒரு பெண் நர்ஸ் வேலையில் இருந்தாள். அவள் வீட்டில் தங்கினேன். மறுநாள் விடிந்ததும் டிராவலர்ஸ் பங்களாவுக்கு ஓடினேன். எதிரே அந்தப் பெரிய பாறை ஊரின் தலைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிறது. கடலோரத்தில் பிறந்தவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கல் தெரிகிற ஊரில் மூச்சு முட்டத்தான் செய்கிறது. பங்களா காவல்காரர் கும்பிடு போட்டுவிட்டு, "மானிய ஐயாவுங்களா? விடியறப்பவே மோகனூரு போயிட்டாருங்களே" என்றார்.

மோகனூர் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். நான் கண்டக்டரிடம் ஜீப்பில் வந்த ஐயாவைப் பார்த்தீர்களா என்று விசாரித்ததை இருவரும் கேட்டுவிட்டார்கள்.

"ஜீப்புல போன ஆளத் தேடிக்கிட்டுப் போகுதாமா."

"புருசனாட்ட இருக்குது. பாவம், படிச்ச பொம்பளையாட்டத்தான் தெரியுது."

"படிச்சாத்தான் உட்டுட்டு ஓடறானுக."

திரும்பிப் பார்த்து, "என் புருஷன் சேலத்தில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வாழைப்பழம் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இறங்கும்போது மூத்தவள், "புடிச்சுப் போடுங்கம்மணி, உட்றாதீங்க" என்றாள். இவ்வளவு தெளிவான ஆசீர்வாதத்தை எந்தச் சாமியாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

காவிரியைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போனால் மணல்தான் பெரிதாகக் கிடந்தது. தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரியும் அப்படித்தான். ஒரு நாகஸ்வரப் பள்ளியைப் பார்த்துவிட்டு நான் போவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிட்டாராம். மணலில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழவில்லை. அழுதால் கடைசி பஸ் போய்விடும்.

திரும்பி நாமக்கல் பங்களாவுக்கு வந்தால் ஜீப் இல்லை. காவல்காரர்தான் எனக்கு அந்தப் பெரிய உண்மையைச் சொன்னார்.

"நீங்க சும்மா பொறத்தால ஓடறீங்கம்மணி. ஐயா சுத்த சைவம், பாருங்க. மோரும் ரசமும் எந்த ஊட்டுல கெடைக்குமோ அங்கதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பாரு. நாளைக்கு மத்தியானம் திருச்செங்கோட்டு ரோட்டுல நல்லமுத்து தோட்டத்துல சாப்பாடு. நாடகம் போட்டுக் காட்டறாங்களாமா. அங்க போயி உக்காந்துக்கங்க."

வெள்ளிக்கிழமை காலையில் நான் நல்லமுத்து தோட்டத்தில் இருந்தேன். நல்லமுத்து அந்த ஊர் நாடக சங்கத்துத் தலைவர். கிணறு, தென்னை, நிறைய மாடு, நிறைய குரல். அவர்களும் மானியத்துக்கு விண்ணப்பம் போட்டவர்கள்தான். அதிகாரி ராத்திரியில் விழிக்க மாட்டார் என்பதால் வெயிலில் நாடகம். ராஜா வேஷம் போட்டவருக்கு முகத்து அரிதாரம் வழிந்து கழுத்து வரை வந்துவிட்டது. ராணி, சீன் முடிந்ததும் சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். குடைக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர் ஒருவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். நான் தேடி அலைந்த மானிய ஐயா அவர்தான்.

நாடகம் முடிந்ததும் நேரே போய் நின்றேன். அதற்குள் நல்லமுத்து குறுக்கே வந்துவிட்டார். "எதா இருந்தாலும் சாப்பிட்டுப் பேசலாமுங்க. பசியோட பேசுனா காரியம் ஆகாது. வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க."

பந்தி போட்டார்கள். வாசனை வாசல் வரை வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், அரிசிச் சோறு. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒருவேளை உண்டு வந்த உடம்பு. என் இலைக்கு வந்த கரண்டியைக் கையால் மறித்தேன்.

நல்லமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்கம்மணி, எங்கூட்டுக் கோழி என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"வெள்ளிக்கிழமை, ஐயா. எங்களுக்குத் தபசு காலம். மாமிசம் கூடாது."

"இங்க யாருங்க பாக்கப் போறாங்க? உங்க சாமியாரு சேலத்துல இருக்காரு."

உண்மைதான். யாரும் பார்க்கப் போவதில்லை. இவர் மனம் கோணினால் அதிகாரியோடு பேசவே வழி கிடைக்காமல் போகலாம். ஒரு துண்டு தின்றால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆனாலும் கை போகவில்லை. அந்த நிமிஷத்தில்தான், செவ்வாய்க்கிழமை நான் கத்திய கத்தலெல்லாம் எனக்கே காதில் விழுந்தது. ஒரு பாட்டு ஊதியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்குமா என்று கேட்டேனே, ஒரு துண்டு கோழியில் மட்டும் என்ன இடிந்துவிடும்? அருளப்பன் மாஸ்டர் மீது எனக்கிருந்த கோபம் அந்த இலைக்கு முன்னால் போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. என்னால முடியாது."

நல்லமுத்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏ புள்ள, இந்த அம்மணிக்கும் மானிய ஐயாவுக்கும் தனியா எலை போடு. ரெண்டு பேரும் கோழி வேண்டாங்கற கூட்டம்" என்று சத்தம் போட்டார்.

இப்படியாக, மோகனூர் வரை துரத்தியும் கிடைக்காத மனிதர் பக்கத்தில் நான் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டேன்.

"நீங்களும் சைவமா அம்மா?" என்று அவரே கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"இல்லை சார். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் என்னுடையது. இது தபசுக்காக."

கையில் எடுத்த கவளத்தோடு நிறுத்தினார். "தபசா? செவ்வாய்க்கிழமை சேலத்தில் ஒரு பாண்டு வாத்தியாரும் இதையே சொன்னார். பள்ளி நடக்கவில்லை, அதற்குச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன்."

"அந்தப் பள்ளிக் காரியதரிசி நான்தான்."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்டால் எழுந்துவிடுவார் என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அலமாரி, போர்வை, மேஜைத் தாளம், கோயம்புத்தூர் மில். அவர் நிதானமாக மோர் ஊற்றிக்கொண்டார்.

"உங்கள் தபசு எப்போதும் மார்ச்சில்தான் வருமா?"

"கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் மார்ச்சைத் தொடாமல் போகாது."

"எங்கள் ஆய்வும் எப்போதும் மார்ச்சில்தான். அப்படியானால் எந்த அதிகாரி எந்த வருஷம் வந்தாலும் உங்கள் பள்ளி ஊமையாகத்தான் இருக்கும்."

"நாளைக்கு இருக்காது சார். நாளை சூசையப்பர் திருநாள். நாளைக்கு ஊதலாம். நீங்கள் வர வேண்டும்."

"அம்மா, இன்று ராத்திரி சேலத்தில் எனக்கு ரயில். திங்கட்கிழமை கூட்டம். கேட்காமல் கேட்டேன் என்று எழுத முடியாது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மதத்தாருக்கு மட்டும் நடக்கிற பள்ளி என்றால் பொதுப்பணம் கொடுப்பது சிரமம்."

எதிர்ப்பந்தியில் கோழியைக் கவனித்துக்கொண்டிருந்த நல்லமுத்து அப்போது வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, நாளைக்கு நோம்பின்னா இன்னைக்குப் பொழுது உழுந்தாலே நோம்பிதானுங்களே? எங்க மாரியாத்தா நோம்பி புதன்கெழமைன்னா, செவ்வாக்கெழமை பொழுது சாஞ்சதுமே மேளத்தக் கட்டிருவோமுங்க. உங்களுக்கு அப்படி இல்லீங்களா?"

நோம்பி என்றால் இந்தப் பக்கத்தில் திருவிழா. நான் அவரையே பார்த்தேன். எங்களுக்கும் அப்படித்தானே! பெரிய திருநாட்களுக்கு முந்தின மாலை ஜெபமே திருநாள் ஜெபம் என்று சிறுவயதில் கன்னியாஸ்திரீ மடத்தில் படித்திருக்கிறேன். படித்ததை இத்தனை காலமும் எதற்கும் உபயோகப்படுத்தவில்லை.

"சார், இன்று சாயங்காலம் கோயிலில் திரிகால ஜெப மணி அடித்ததும் எங்களுக்குத் திருநாள் பிறந்துவிடும். உங்கள் ரயில் அதற்கு அப்புறம்தானே?"

"நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்கலாம்" என்றார். ஆனால் மோரைக் குடித்துவிட்டு எழுந்து டிரைவரைக் கூப்பிட்டார். சாமியார் இதற்கு ஒப்புவாரா, மாஸ்டர் அலமாரியைத் திறப்பாரா என்பது எனக்கே தெரியாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

புறப்படும்போது நல்லமுத்துவிடம், "நீங்களும் இதே மானியத்துக்குத்தான் காத்திருக்கிறீர்கள், எனக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டீர்களே" என்றேன்.

"நீங்க ஊதுங்க, நாங்க ஆடறோம். ரெண்டுக்கும் குடுக்கட்டுமே சர்க்காரு. தபசு முடிஞ்சு வாங்க, அந்தக் கோழிக்கு நீங்க கடன்" என்றார்.

ஜீப்பில் ஏறினதும் இனி பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் புதுச்சத்திரத்தில் ஜீப் நின்றது. அதே இடம், அதே டீக்கடை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, மறுக்காவும் நீங்களா! குடம் வேணுங்களா?" என்றார். குடம் போதாது என்றார் டிரைவர். ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். நாமக்கல்லிலிருந்துதான் வர வேண்டுமாம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

வந்தது குச்சிக்கிழங்கு லாரி. எங்கள் பக்கம் மரச்சீனிக் கிழங்கு என்போமே, அதுதான். சேலத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போகிறது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க சாமி, நடு ரோட்டுல நின்னா உசுரு போயிருமுங்க" என்றார். காரியத்தைச் சொன்னேன். "பாண்டுங்களா? அப்ப ஏறுங்க. நானும் வாரேன், கேட்டுப்போட்டுப் போறேன். கெழங்கு எங்கயும் ஓடிறாது."

தஞ்சாவூர்க்காரர் லாரியில் அதுவரை ஏறினதில்லை என்று நினைக்கிறேன். மடியில் தோல்பை, காலடியில் கிழங்கு, தலைமேல் தூசி. ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒரே ஒருமுறை மட்டும், "உங்கள் மாஸ்டர் ஊதத் தயாராக இருப்பார் அல்லவா?" என்று கேட்டார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு, "இருப்பார்" என்றேன். தபசில் பொய் சொல்வதும் பாவம்தான். ஆனால் அது பொய்யா என்று அப்போது எனக்குத் தெரியாதே.

அஸ்தம்பட்டியைத் தாண்டிக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் லாரி நின்றபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கோயிலில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலையெல்லாம் தூசியாக நான் ஓடிப்போய்ச் சாமியார் முன்னால் நின்றேன். முந்தின மாலை, திரிகால மணி, ரயில் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேல் லாரியைப் பார்த்தார். அதிலிருந்து அதிகாரியும் லாரி டிரைவரும் இறங்குவதைப் பார்த்தார்.

"மணி அடிக்கட்டும். பிறகு என்னைக் கேட்க வேண்டாம்" என்றார்.

கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். மறுநாள் திருநாளுக்காக அலமாரியைத் திறந்து, வாத்தியங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. மாஸ்டர் அதிகாரியைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார். நான் அருகே போய், "மாஸ்டர், சாமியார் உத்தரவு. மணி அடித்ததும் ஊதலாம்" என்றேன். அதோடு, "செவ்வாய்க்கிழமை நான் பேசினதை மறந்துவிடுங்கள்" என்றும் சொன்னேன்.

மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதிகாரி புளிக் கைகளோடு உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இதில் இந்தக் கோயிலைச் சேராதவர்கள் யார்?" என்று கேட்டார். பெஞ்சின் பல இடங்களில் கைகள் உயர்ந்தன. முதலில் தூக்கியவர் பெரியசாமி. மலைப்பாதையில் கல் போடுகிறவர். எங்களுக்குப் பெரிய டிரம் அடிப்பவர்.

"உங்களுக்குத் தபசு கிடையாதே? செவ்வாய்க்கிழமை நான் கேட்டபோது நீங்களாவது வாசித்திருக்கலாமே?"

பெரியசாமிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. "அதெப்படிங்க? எங்க மாரியாத்தா நோம்பிக்குக் கோயில் முன்னால கம்பம் நட்டா, நோம்பி முடியறவரைக்கும் நாங்க கறி திங்கறதில்லீங்க. அத்தன நாளும் மாஸ்டரும் அவரு ஊட்டுல கறி ஆக்கறதில்லீங்க. ஒண்ணா உக்காந்து ஊதற கூட்டமுங்க. அவரு எங்களுக்கு இருக்கறாரு, நாங்க அவருக்கு இருக்கறோம்."

இது எனக்கே தெரியாது. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தோல்பையைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், பெரியசாமியும்தான். ஜெபம் முடிந்ததும் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

முதல் சத்தம் மகா கோரம். வாரக்கணக்கில் ஊதாத உதடு; டிரம்பெட் ஒரு பக்கம் போயிற்று, கிளாரினெட் ஒரு பக்கம் கீச்சிட்டது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இதற்காகவா மோகனூர் வரை அலைந்தேன்! சமாளித்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். மாஸ்டர் கையை இறக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார். சர்க்கார் அதிகாரி எதிரே நிற்கிறார், ரயிலுக்கு நேரமாகிறது, இவர் ஒவ்வொருவர் பக்கமாகப் போய் உதட்டை எப்படி வைக்க வேண்டும் என்று திருத்துகிறார். "மறுபடி." மறுபடியும் பிசகிற்று. மறுபடியும் நிறுத்தினார். "அவசரம் இல்லை. மூச்சு எடு. மறுபடி."

அதன் பிறகு வந்தது பாட்டு. சூசையப்பர் பாட்டு, எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்தது. பித்தளை ஓசை தகரக் கொட்டகையில் மோதி வெளியே போய் மலையடிவாரம் வரை கேட்டிருக்கும். வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து நின்றார்கள். கிழங்கு லாரி டிரைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். மோகனூரில் மிச்சம் வைத்திருந்தது அது.

பாட்டு முடிந்ததும் அதிகாரி மாஸ்டர் அருகில் வந்தார். நான் முந்திக்கொண்டு, "நாளாகிவிட்டதால் முதலில் கொஞ்சம் பிசகிவிட்டது சார்" என்றேன்.

"நான் கச்சேரி கேட்க வரவில்லை அம்மா. பள்ளிக்கூடம் நடக்கிறதா என்று பார்க்க வந்தேன். அவர் நிறுத்தினாரே, அப்போது பார்த்துவிட்டேன்" என்றார்.

கிழங்கு லாரியே அவரை ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் விட்டது. ரயில் கிடைத்ததாம்.

மழைக்காலத்தில் மானிய உத்தரவு வந்தது. நல்லமுத்துவின் சங்கத்துக்கும் வந்ததாகப் பிறகு தெரிந்தது. ஈஸ்டர் முடிந்ததும் நான் போய்க் கோழிக் கடனை அடைத்திருந்தேன். உத்தரவு வரும்வரை பொறுத்திருந்த மாஸ்டர், தான் வரவில்லை என்று கோயம்புத்தூர் மில்லுக்கு எழுதிப் போட்டார்.

மறு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்து மாஸ்டருக்கும் மற்றவர்களுக்கும் வாசித்தேன். ஆண்டு ஆய்வுக்கு வர உத்தேசித்திருப்பதாகவும், இவ்வாண்டு தபசு காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் முத்திரை குத்திய காகிதத்தில் சர்க்கார் கேட்டிருந்தது.

"எழுதிருங்கம்மா" என்றார் மாஸ்டர். விபூதிப் புதனின் தேதியை எழுதினேன். கையெழுத்துப் போடப் போகையில் தடுத்தார்.

"பெரியசாமியைக் கேட்டு, மாரியம்மன் கம்பம் என்னைக்கு நடறாங்கன்னும் சேத்து எழுதுங்க."